ஸ்பீக்கர் பெட்டிக்குச் சிட்னியில் போட்ட கணக்கு

ஸ்பீக்கர் வாங்கப் போகும் தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணா, எத்தனை வாட்ஸ் எடுக்கலாம்?" என்றுதான். கேட்கவேண்டிய கேள்வி வேறு. அது எதுவென்று தெரிய 1950களின் சிட்னிக்குப் போகவேண்டும்.

ஹோம்புஷ் என்றால் எங்களுக்குப் பலசரக்குக் கடையும் கொத்துரொட்டியும்தான். அந்தக் காலத்தில் அங்கே இ.எம்.ஐ. நிறுவனத்தின் இசைத்தட்டுத் தொழிற்சாலை இருந்தது. பிரிஸ்பேனில் பிறந்த நெவில் தீலே என்ற பொறியியலாளர் 1952இல் அந்த நிறுவனத்தில் சேர்ந்தார். அவுஸ்திரேலியாவுக்குத் தொலைக்காட்சி வந்த நாட்களில், நிறுவனத்தின் முதல் டிவிப் பெட்டிகளை வடிவமைத்த குழுவுக்கு அவர்தான் தலைவர். ஆனால் உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது வேறொரு பெட்டிக்காக.

ஸ்பீக்கர் பெட்டியில் ஓர் ஓட்டை பார்த்திருப்பீர்கள். போத்தல் வாயில் ஊதினால் 'பூம்' என்று வருமே, அதே விஷயம்தான். உள்ளே இருக்கும் காற்று அந்த ஓட்டை வழியே அதிர்ந்து, தாழ்ந்த சுரங்களுக்குக் கைகொடுக்கும். இந்த யோசனைக்கு அமெரிக்காவில் பெல் ஆய்வுகூடத்தின் ஆல்பர்ட் துராஸ் 1932லேயே காப்புரிமை பெற்றுவிட்டார். பெட்டி எவ்வளவு பெரிது, குழாய் எவ்வளவு நீளம் என்பதில்தான் சிக்கல். பெரும்பாலும் செய்து பார்த்து, கேட்டுப் பார்த்து, திருத்தினார்கள். பிழைத்துப்போனால் மிருதங்கத்தின் தொப்பியில் எந்த அடி விழுந்தாலும் ஒரே 'பூம்'தான்.

தீலே கண்டுகொண்டது இதுதான்: ஸ்பீக்கரும் பெட்டியும் ஓட்டையும் சேர்ந்து, மின்சுற்றில் வரும் ஒரு வடிகட்டியைப் போலவே நடந்துகொள்கின்றன. வடிகட்டிகளுக்கான கணிதம் ஏற்கெனவே கையில் இருந்தது. அதை அப்படியே பெட்டிக்குப் பொருத்தி, 28 வகை அமைப்புகளை அட்டவணையாகப் போட்டுக் கொடுத்தார். எனக்கு இது மிகவும் பிடித்த வகைப் பொறியியல். புதிதாக ஒன்றையும் கண்டுபிடிக்காமல், பக்கத்து அறையில் கிடந்த சாவியை எடுத்துவந்து இந்தப் பூட்டைத் திறப்பது!

கட்டுரை 1961இல் அவுஸ்திரேலிய வானொலிப் பொறியியலாளர்களின் சஞ்சிகையில் வந்தது. வெளியுலகில் அதைப் படித்தவர்கள் கொஞ்சப்பேர். அமெரிக்காவின் ஒலிப் பொறியியல் சங்கம் 1971இல் மறுபடி அச்சிட்ட பிறகுதான் அது பரவலாகப் பேசப்பட்டது. பத்து வருடம்! கணக்கில் ஒரு குறையும் இல்லை, விலாசம்தான் தூரம்.

இதற்கிடையில் ரிச்சர்ட் ஸ்மோல் என்ற அமெரிக்கர் 1964இல் இங்கே வந்தார். சிட்னிப் பல்கலைக்கழகத்தில் இதையே முனைவர் பட்டத்துக்கு எடுத்து, எதை எப்படி அளப்பது என்று ஒழுங்குபடுத்தினார். இன்று எந்த நாட்டு ஸ்பீக்கர் தரவுத்தாளைத் திறந்தாலும் 'தீலே-ஸ்மோல்' எண்கள் இருக்கும்.

அவர்களுடைய கணக்கு ஒரு கசப்பான உண்மையையும் சொல்கிறது. சிறிய பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த மின்சாரத்தில் நிறையச் சத்தம் - இவை மூன்றும் ஒன்றாகக் கிடைக்காது, இரண்டுதான் கிடைக்கும். தேநீர்க் கோப்பை அளவு ஸ்பீக்கர் ஆழமான பேஸ் தருகிறது என்றால், அதற்கான விலையை மூன்றாவதில் கட்டுகிறீர்கள்.

அதனால் பெட்டியில் 'சென்சிட்டிவிட்டி' என்ற எண்ணைத் தேடுங்கள். வாட்ஸ் என்பது ஸ்பீக்கர் எவ்வளவு விழுங்கும் என்பது. இது எவ்வளவு பாடும் என்பது. 84 டெசிபெல் ஸ்பீக்கருக்கும் 90 டெசிபெல் ஸ்பீக்கருக்கும் ஆறுதான் வித்தியாசம், ஆனால் அதே சத்தத்துக்கு முதலாவது நான்கு மடங்கு மின்சாரம் கேட்கும். தவில் அடி ஒன்று சராசரியைவிட 20 டெசிபெல் மேலே எழும்பினால், அந்தக் கணத்துக்கு நூறு மடங்கு தேவை. முதலாவது சராசரியாக 1 வாட்டில் பாடினால் அந்த அடிக்கு 100 வாட்ஸ் வேண்டும். இரண்டாவதுக்கு 25 போதும். அம்ப்ளிஃபயரிடம் அது இல்லாவிட்டால் அடியின் உச்சி வெட்டுப்பட்டுவிடும். மேளக் கச்சேரி எங்கள் வரவேற்பறையில் தட்டையாகிப் போவதற்கு முக்கிய காரணம் இது.

கடைக்குப் போகும்போது போனில் ஒரு தவில் தனி ஆவர்த்தனம் கொண்டுபோங்கள். சத்தத்தைக் குறைத்தே வையுங்கள். ஒவ்வொரு அடியும் தனித்தனியே விழுகிறதா, அடி முடிந்த பிறகும் பெட்டி முனகிக்கொண்டிருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.