பழனி வழி மிருதங்கமும் ஜாஸ் இசைத்தட்டும்

இந்தியத் தாளக் கருவிகள் ஜாஸோடு கலந்த கதையை எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரு கிதார் கலைஞரின் பெயரிலிருந்து தொடங்குவார்கள். ஜான் மெக்லாக்லின் 'சக்தி' குழுவை அமைத்தார், 1976இல் முதல் இசைத்தட்டு வந்தது, உலகம் வியந்தது என்று அந்த வரலாறு போகும். இதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அந்தத் தட்டு உருவாவதற்கான சூழலை அமைத்துத் தந்த ஆசிரியர்கள் அதில் இடம்பெறுவதில்லை. அவர்களைத் தேடிப் போனால் வழி திண்டுக்கல் மாவட்டத்துப் பழனியில் வந்து நிற்கிறது. கலப்பிசைத் தட்டு வெற்றி பெறுவது கருவிகளைக் கூட்டிச் சேர்ப்பதால் அல்ல, பாடம் ஆளுக்கு ஆள் கைமாறியதால்தான் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) இடக்கைக்காரர். மேடையில் பாடகருக்கு ஒரு பக்கம் வயலின், மறுபக்கம் மிருதங்கம் என்ற அமைப்பு வலக்கைக்காரர்களுக்காக ஏற்பட்டது. இடக்கையால் வாசிப்பவர் வந்தால் வயலின்காரர் இடம் மாற வேண்டும். அதற்குப் பலர் இசையவில்லை. செம்பை வைத்தியநாத பாகவதர் போன்றவர்கள் துணை நின்ற பிறகே அவருக்கு மேடை திறந்தது. அவருடைய தந்தை பழனி முத்தையா பிள்ளை, கஞ்சிராவைக் கச்சேரிக்குக் கொண்டுவந்த புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையின் வழியில் வந்தவர். புதுக்கோட்டைக் கணக்கும் பழனி நாதமும் சேர்ந்த அந்த வாசிப்பில் தொப்பி எனப்படும் இடந்தலைக்குத் தனி மதிப்பு. இடந்தலையில் தோலை அழுத்தி இழுக்கும் கும்கி, சொற்களுக்கிடையே விடும் வெளி, தாளத்தோடு ஆர்ப்பாட்டமில்லாமல் ஓடும் சர்வலகு ஆகியவற்றால் ரசிகர்கள் அந்தப் பாணியை அடையாளம் கண்டார்கள்.

சுப்பிரமணிய பிள்ளையின் மாணவர்களில் இருவர் கடல் கடந்தார்கள். நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் தம்பி டி. ரங்கநாதன் (1925–1987) 1963இல் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் கற்பிக்கத் தொடங்கினார். திருச்சி சங்கரன் 1971இல் கனடாவின் டொராண்டோவிலுள்ள யார்க் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, ஜான் ஹிக்கின்ஸுடன் சேர்ந்து இந்திய இசைப் படிப்பை நிறுவினார்.

வெஸ்லியனைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மெக்லாக்லின் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றது அங்கேதான். வயலின் கலைஞர் எல். சங்கர் இருந்ததும், முதல் தட்டில் மிருதங்கம் வாசித்த ராம்நாட் ராகவன் கற்பித்ததும் அங்கேதான். ஜாஸ் கலைஞர் ஆர்னெட் கோல்மனின் டிரம்மர் எட் பிளாக்வெல் எழுபதுகளின் நடுப்பகுதியிலிருந்து அதே வளாகத்தில் ஆசிரியராக இருந்தார். 'சக்தி' ஒரு மேதையின் திடீர் எண்ணத்தில் முளைத்ததல்ல; பத்தாண்டுகளுக்கு மேலாக மிருதங்கத்தின் தாளச் சொற்களான சொல்கட்டு ஒலித்துக்கொண்டிருந்த ஒரு சூழலில் விளைந்தது. ராகவன் பழனி மாணவர் அல்லர் என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் அந்த வளாகத்தில் மிருதங்க வகுப்புக்கு அடித்தளம் போட்டவர் ரங்கநாதன்.

பாடம் இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது? ஜோ ஹாரியட்டும் ஜான் மேயரும் 1966இல் தந்த 'இண்டோ-ஜாஸ் சூட்' துணிச்சலான முயற்சி. ஆனாலும் அதில் தபலா ஒரு பக்கமும் டிரம்ஸ் ஒரு பக்கமுமாக இரண்டு குழுக்கள் அருகருகே இருப்பதாகவே காதுக்குப் படுகிறது. மைல்ஸ் டேவிஸின் 1972ஆம் ஆண்டு 'ஆன் தி கார்னர்' தட்டில் பாதல் ராயின் தபலா அடர்ந்த ஓசையில் ஓர் இழையாகிவிடுகிறது. அது தனி அழகுதான். ஆனால் உரையாடல் இல்லை.

சிக்கல் காலப்பிரமாணத்தில் இருக்கிறது. ஜாஸில் டிரம்மரின் சிம்பலும் பாஸும் காலத்தை ஒலித்துக்காட்டும். கர்நாடகக் கச்சேரியில் தாளம் கையில் இருக்கிறது, மிருதங்கம் அதைச் சுற்றி விளையாடுகிறது. இரண்டையும் ஒரே மேடையில் வைத்தால் ஒன்று மற்றொன்றைக் காவல்காரனாக்கிவிடும். 'சக்தி' எடுத்த முடிவு எளிமையானது: டிரம்ஸ் வேண்டாம், பாஸ் கிதாரும் வேண்டாம். அப்போது குழுவிலிருந்த ஜாகிர் உசேனின் தபலாவுக்கும் விக்கு விநாயக்ராமின் கடத்துக்கும் கீழ்ச்சுருதியில் இடம் கிடைத்தது. பாஸ் நிரம்பிய தட்டில் பழனிப் பாணிக் கும்கி முதலில் மறையும். அந்த நாதம் போனால் மிருதங்கம் வெறும் கணக்குப் பலகைதான்.

இரு மரபுகளும் உண்மையில் சந்திக்கும் இடம் குறைப்பு. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசித்து, அளவை எட்டு, நான்கு, இரண்டு, ஒன்று எனச் சுருக்கிக்கொண்டு வரும். ஜாஸிலும் நான்கு நான்கு அளவாகப் பங்கிட்டு டிரம்மரும் மற்றவரும் மாறி மாறி வாசிப்பார்கள். எண்ணிக்கை ஒற்றுமை மட்டும் ஏமாற்றக்கூடியது. ஆதி தாளத்தில் எட்டு எண்ணிக்கையை நான்காகப் பிரித்தால் 32 மாத்திரை. ஜாஸ் பாட்டின் வழக்கமான வடிவமும் 32 பார். ஆனால் ஜாஸ்காரருக்கு இடத்தைக் காட்டுவது மாறிவரும் சுரக்கூட்டுகள் (கார்டுகள்). தமிழ் லய வித்வானுக்குக் கையில் போடும் தாளமும், பாட்டு தொடங்கும் இடமான எடுப்பைச் சரியாகத் தொடவைக்கும் கோர்வையுமே துணை. இதை உணர்ந்தவர்கள் சேர்ந்தால்தான் பதில் பிறக்கும். 'சக்தி'யின் 1976ஆம் ஆண்டுத் தட்டான 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி', தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோலுடன் தொடங்குவது அந்த உணர்வின் அடையாளம். தோலும் மண்ணும் பிறகு பேசட்டும், சொல் முதலில் பேசுகிறது.

கஞ்சிரா இந்த வரலாற்றில் தாமதமாக வந்தது. பலாக் கட்டையில் உடும்புத் தோல் போர்த்திய சிறு கருவி, வி. செல்வகணேஷின் கையில், 'சக்தி'யின் பிற்கால வடிவமான 'ரிமெம்பர் சக்தி'யில் முழு டிரம் தொகுதிக்கு ஈடாக ஒலித்தது. அவர் இடம்பெற்ற 'சக்தி'யின் 'திஸ் மொமென்ட்' தட்டு 2024 பிப்ரவரியில் கிராமி விருது பெற்றது. மான்பூண்டியா பிள்ளை மேடையேற்றிய கருவிக்கு அது உரிய மரியாதை.

இவை அனைத்தும் கச்சேரிக் கருவிகளின் கதை. திண்டுக்கல் சமவெளியில் கோயில் கொடைகளிலும் தேவராட்டத்திலும் அதிரும் உறுமி, தப்பு, நையாண்டி மேளத்துத் தவில் ஆகியவை இத்தகைய தட்டுகளில் அரிதாகவே இடம்பெற்றிருக்கின்றன. வளைந்த குச்சியால் தோலை உரசி உறுமி எழுப்பும் இழுபடும் நாதம் கும்கிக்கு நெருங்கிய உறவு. ஜாஸ் பாஸ்காரர் எவரும் அதைக் கேட்டவுடன் பதில் வாசிக்கத் துடிப்பார். தடை கருவியில் இல்லை. ரங்கநாதனுக்கும் சங்கரனுக்கும் கிடைத்த வகுப்பறை உறுமிக்காரருக்குக் கிடைக்கவில்லை. சாதியும் இதற்குக் காரணம் என்பதை மறைத்துப் பேசுவது ஆய்வுக்கு அழகல்ல.

ஆகவே காந்திகிராமக் கிராமியப் பல்கலைக்கழகமும் திண்டுக்கல், பழனிக் கல்லூரிகளும் இந்தக் கலைஞர்களைத் தற்காலிக விருந்தினராக அல்லாமல் ஊதியம் பெறும் ஆசிரியராக அமர்த்த வேண்டும். அவர்களுடைய சொல்கட்டையும் அடவுகளையும் பெயர் குறிப்பிட்டுப் பதிவுசெய்ய வேண்டும். அடுத்த கலப்பிசைத் தட்டின் உறையில் உறுமி வாசித்தவரின் பெயர் கிதார்காரரின் பெயருக்குச் சமமான எழுத்தில் அச்சாக வேண்டும்.