நண்டின் பசி

புற்றுநோயை அரபியர் 'ஸரத்தான்' என்றனர்; நண்டு என்பது பொருள். இப்னு ஸீனா தம் 'அல் கானூன்' நூலில் இப்பெயராலேயே அதனை விவரிக்கிறார். கீழக்கரைக் கடலோரத்தில் நண்டின் பிடியை அறிந்த நமக்கு இது பொருத்தமான பெயரே. எனினும் இந்த நண்டு எதைத் தின்று வளர்கிறது என்பது மிகப் பிற்காலத்திலேயே தெரியவந்தது.

1920களில் பெர்லினில் ஆட்டோ வார்பர்க் அதனைக் கண்டார். கட்டியின் உயிரணுக்கள், பிராணவாயு போதிய அளவு இருந்தும், சர்க்கரையை மிகுதியாக விழுங்கி, முற்றும் எரிக்காமல் லாக்டிக் அமிலமாகக் கழித்துவிடுகின்றன. வீண்செலவெனத் தோன்றும், ஆனால் பெருகும் அணுவுக்கு வேண்டிய மூலப்பொருள்கள் அவ்வழியே கிடைக்கின்றன. மூளைக் கட்டிகள் பலவும் இத்தகையனவே.

இதைக் கேள்வியுற்று, நோயாளிக்குச் சோற்றையும் இனிப்பையும் அடியோடு நிறுத்துவோர் நம்மிடையே உளர். தவறு. நலமான மூளைக்கும் சர்க்கரையே முதன்மை உணவு. நாம் கொடாவிடினும் கல்லீரல் அதனை ஆக்கித் தரும். மெலிபவர் நோயாளியே.

பசியை வெல்ல வேறு வழி கண்டவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். உயிரணுவின் ஆற்றலைத் தாங்கும் ஏ.டி.பி.யை 1929இல் இனங்கண்டவர்களுள் ஒருவர். பின்னர் அமெரிக்காவில், லெடர்லி ஆய்வுக்கூடத்தில், அவர் குழுவினர் போலிக் அமிலம் என்னும் சத்தைப் போல் வேடமிட்ட மருந்துகளை ஆக்கினர். உணவென ஏற்கும் அணு ஏமாறும், டி.என்.ஏ. ஆக்க இயலாமல் அதன் பெருக்கம் நிற்கும். அவற்றுள் ஒன்றான மெத்தோட்ரெக்சேட், மூளையில் தோன்றும் லிம்போமா கட்டிக்கு இன்றும் தலையாய மருந்து. எல்லா மூளைக் கட்டிகளுக்கும் அது பொருந்தாது. 1948இல் நியூயார்க்கில் மறைந்த சுப்பாராவ் இதனைக் காணவில்லை.