மைம்மீன் எங்கே நிற்கிறது?

காரைக்காலில் நான் பிரெஞ்சு வழியில் படித்த நாட்களில் கிழமைகளை மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். மார்தி, மெர்க்ரதி, ழெதி, வாந்த்ரதி. நம் செவ்வாய், புதன், வியாழன், வெள்ளிதான். அவர்கள் பெயருக்குள்ளும் அதே நான்கு கோள்கள், அதே வரிசையில். சனிக்கிழமை மட்டும் ஒதுங்கிவிடும். 'சம்தி' யூதர்களின் சபாத் நாளிலிருந்து வந்த பெயர்.

ஒரு வித்தியாசம் உண்டு. அவர்களுடையவை ரோமானியத் தெய்வங்களின் பெயர்கள். நம்முடையவற்றில் பல, வானத்தைப் பார்த்தவன் வைத்தவை. சிவந்து தெரிந்ததால் செவ்வாய். வெளுத்து ஒளிர்ந்ததால் வெள்ளி. வியாழனுக்குப் பொன் என்றும் பெயர். அதன் ஒளி இளமஞ்சள். சனி மங்கல், ஆகவே மைம்மீன். புறநானூற்றில் கபிலர் பாரியின் பறம்பு நாட்டைப் பாடுகிறார் (நமக்குப் பக்கத்துப் பிரான்மலைதான் பறம்பு என்பார்கள்). மைம்மீன் புகைந்தாலும், வெள்ளி தெற்கே ஓடினாலும், அங்கே மழை பொய்க்காதாம். வெள்ளி எந்தப் பக்கம் சாய்கிறது என்று அன்றாடம் பார்த்தவர்கள் இருந்தால்தானே இப்படிப் பாட முடியும்!

புதனுக்கு மட்டும் நிறப்பெயர் ஒட்டவில்லை, அறிவன் என்றார்கள். சூரியனை விட்டு 28 பாகைக்கு மேல் விலகாத கோள் அது. அந்தி வெளிச்சத்தில் அடிவானத்தில் சற்று நேரம் தலைகாட்டும். கோயிலில் அதற்குப் பச்சைப் பட்டு சாத்துகிறோம். வானத்தில் நான் பச்சையாகப் பார்த்ததில்லை.

சனிக்கு இன்னொரு அடையாளம் அதன் நடை. சனைச்சரன் என்றால் மெதுவாக நடப்பவன். அதுவே நம் வாயில் சனீஸ்வரன் ஆயிற்று. ஒரு சுற்றுக்கு 29½ வருடம், ராசிக்கு இரண்டரை. மூன்று ராசி சேர்ந்தால் ஏழரை. திருநள்ளாற்றுக்குப் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பார்த்தவர்களுக்குப் பின் கணக்குப் போடுபவர்கள் வந்தார்கள். அவர்கள் திறமைக்கு ஒரு பிரெஞ்சுக்காரரே சாட்சி. லெ ழாந்தீல் என்ற வானியலார், சூரியனை வெள்ளி கடப்பதைப் புதுச்சேரியில் அளக்க 1760-இல் கப்பலேறினார். அவர் வந்து சேர்வதற்குள் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. 1761 ஜூன் 6 அன்று ஆடும் கப்பலில் நின்று பார்த்தார், அளக்க முடியவில்லை. அடுத்த கடப்பு 1769-இல். எட்டு வருடம் கீழ்த்திசையிலேயே காத்திருந்து, புதுச்சேரியில் கூடம் கட்டித் தொலைநோக்கியோடு நின்றார். ஜூன் 4 காலை மேகம் மூடிவிட்டது. கடப்பு முடிந்த பிறகு வெயில் அடித்தது. 1771-இல் ஊர் திரும்பினால், அவர் செத்துவிட்டதாக முடிவுகட்டிச் சொத்தைப் பிரிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

அந்தப் புதுச்சேரி நாட்களில் ஒரு தமிழரிடம் அவர் நம் கணிதம் கற்றார். வாக்கியங்களை வாயால் சொல்லி, சோழிகளை நகர்த்தி, எழுதாமலே போடும் கணக்கு அது. 1765 ஆகஸ்டு 30 சந்திர கிரகணத்துக்குத் தமிழ்க் கணக்கு சொன்ன கால அளவு 41 செகண்டுதான் குறைந்தது. ஐரோப்பாவில் பெயர்பெற்ற தோபியாஸ் மாயரின் அட்டவணை 68 செகண்டு கூடிவிட்டது. இதை அவரே எழுதி வைத்தார். 

அதே வாக்கிய முறையில்தான் இன்றும் திருநள்ளாற்றுச் சனிப்பெயர்ச்சி. அங்கே ஒரு சிக்கல். 2020-இல் வாக்கியப்படி குரு நவம்பர் 15 அன்று மகரத்துக்குப் போனார். சனி டிசம்பர் 27 அன்றுதான் போனார். அதாவது டிசம்பர் 21 அன்று குரு சனியைக் கடந்து ஏழெட்டுப் பாகை முன்னே நின்றிருக்க வேண்டும். அன்று மாலை மேற்கு வானத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டு நின்றன. இடைவெளி நிலாவின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு. சுமார் 400 வருடங்களில் அவ்வளவு நெருங்கியதில்லை. திருக்கணிதப் பஞ்சாங்கமோ சனியை அந்த ஜனவரியிலேயே மகரத்துக்கு அனுப்பியிருந்தது.

கிரகணத்தில் செகண்டுக் கணக்கில் தவறியவர்கள், சனியில் பல மாதம் தவறுவது எப்படி? எனக்குத் தோன்றுவது இது. கிரகணம் சொன்ன நேரத்துக்கு வராவிட்டால் ஊரே பார்த்துச் சிரிக்கும். கணக்கைத் திருத்தித்தான் ஆக வேண்டும். சனி எங்கே நிற்கிறது என்று மாடி ஏறிப் பார்ப்பவர் யார்? விழா நாள் கோயில் மரபுக்கு உரியது. அதை யாரும் மாற்றச் சொல்லவில்லை. வானத்தில் சனி நிற்கும் இடம் வேறு விஷயம்.

2025 மார்ச் 29 அன்று சனி மீனத்துக்கு மாறியதாகத் திருக்கணிதம் சொன்னது. தங்களுக்கு 2026-இல்தான் பெயர்ச்சி என்று திருநள்ளாற்றில் அறிவித்தார்கள். வண்டியூரில் எங்கள் தெருவிலேயே இரண்டு கட்சி. ஏழரை முடிந்துவிட்டது என்று ஒருவர் நிலம் கிரயம் செய்தார். அவர் தம்பி, இன்னும் ஒரு வருடம் பொறுங்கள் அண்ணே என்று கையெழுத்துப் போட வரவில்லை.