இயற்கை விளிம்பு மேசையும் அதன் காலும்

மரம் வளர்ந்த வளைவை வெட்டி நேராக்காமல் அப்படியே விட்டுச் செய்வது இயற்கை விளிம்பு மேசை. 20ஆம் நூற்றாண்டில் இதற்கு உலகப் புகழ் தேடித் தந்தவர் ஜார்ஜ் நாகஷிமா (1905–1990). அமெரிக்காவில் ஜப்பானியக் குடும்பத்தில் பிறந்த கட்டடக் கலைஞரான அவர், மரச்சாமான் செய்யத் தொடங்கிய இடங்களில் புதுச்சேரியும் ஒன்று.

டோக்கியோவில் கட்டடக் கலைஞர் ஆன்டனின் ரேமண்டிடம் பணியாற்றிய நாகஷிமா, அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதிக் கட்டுமானத்தைக் கவனிக்க 1937இல் புதுச்சேரி வந்தார். விடுதிக்குத் தேக்கில் சாமான்களும் வடிவமைத்தார். ஆசிரமவாசியாகி, சுந்தரானந்தா என்ற பெயரும் பெற்றார். 1939இல் கிளம்பினார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1942இல், ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்க அரசு அடைத்துவைத்த இடாஹோவின் மினிடோகா முகாமில் குடும்பத்தோடு இருந்தபோது, ஜப்பானிய மரபில் தேர்ந்த தச்சர் கென்டாரோ ஹிகோகாவாவிடம் வேலை கற்றார். 1943இல் விடுதலையாகி, பென்சில்வேனியாவின் நியூ ஹோப்பில் பட்டறை அமைத்தார்.

இயற்கை விளிம்பு மேசையில், அகலமான ஒற்றைப் பலகைக்குக் கால் அமைப்பதுதான் கடினமான வேலை. மழைக்காலத்தில் பலகை ஈரத்தை வாங்கி உப்பும், கோடையில் சுருங்கும். நீளவாக்கில் மாற்றம் அநேகமாக இல்லை. அகலவாக்கில் ஒரு மீட்டருக்குச் சில மில்லிமீட்டர் வரை போய்வரும். குறுக்குச் சட்டத்தில் பலகையை இறுக்கித் திருகினால், போக வழியின்றி அது வெடிக்கும். எனவே நடுவில் ஒரு திருகாணியை மட்டும் அசையாமல் பூட்டி, ஓரத்துத் திருகாணிகளுக்குச் சட்டத்தில் நீள்துளை விடுவார்கள். பலகை இருபுறமும் சமமாக நகரும். ஏற்கெனவே உள்ள வெடிப்பு பெரிதாகாமல் இருக்க, அதன் குறுக்கே வண்ணத்துப்பூச்சி வடிவக் கட்டையைப் பதிப்பார்கள்.

பாரமும் கவனிக்க வேண்டியது. ஒரு முனை அகன்றும் மறுமுனை குறுகியும் இருக்கும் பலகையில் எடையின் நடு, நீளத்தின் நடுவில் இருக்காது. அதனால் கால்களைச் சரிசமமாக அளந்து வைக்க முடியாது. நாகஷிமாவின் சில தாழ்மேசைகளில் ஒரு முனையை அகலப் பலகையும் மறுமுனையை உருண்டைக் காலும் தாங்குகின்றன. பெரிய மேசைகளுக்கு இரு தாங்கிகளும் அவற்றை இணைக்கும் குறுக்குக் கட்டையும் உண்டு. ஒன்றின் கழுந்தை மற்றதன் துளையில் செருகுவதே பிடிப்பு. பலகையின் வளைவு கண்ணில் படவேண்டும் என்பதால் கால் எளிமையாக, உள்ளே தள்ளி நிற்கும்.

புதுச்சேரியை விட்ட பின்னும் நாகஷிமாவின் இந்தியத் தொடர்பு நீடித்தது. 1964இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகத்துக்காக அவர் சாமான்கள் வடிவமைத்தார். கண்டத்துக்கு ஒன்றாக அவர் எண்ணிய அமைதி மேசைகளில் முதலாவது 1986இல் நியூயார்க்கின் புனித ஜான் பேராலயத்தில் வைக்கப்பட்டது. ஆசியாவுக்கான மேசை, அவர் மறைவுக்குப் பின் மகள் மீராவின் பொறுப்பில் உருவாகி, 1996இல் புதுச்சேரிக்கு அருகிலுள்ள ஆரோவில் வந்து சேர்ந்தது.