ஆயாவின் கோப்பும் ஆஸ்திரேலியப் பதிவேடும்

ஆரணியில் பட்டும் சரிகையும் எடை போடாமல் யார் கைக்கும் போவதில்லை. பாவு கொடுத்த தேதி, சரிகையின் கிராம், நெய்த புடவையின் எடை எல்லாம் நோட்டில் ஏறிவிடும். அதே நெசவாளி வீட்டிலிருந்து பேச்சு வராத பிள்ளை சிறப்புப் பள்ளி வேனில் ஏறுகிறது. அந்த வேன் டிரைவரையும், பிள்ளையைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போகும் ஆயாவையும் பற்றி எங்கே, என்ன எழுதி வைத்திருக்கிறார்கள்?

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 2020 விதிகள் இதற்கு வழி சொல்கின்றன. குழந்தைகள் புழங்கும் எந்த நிறுவனமும், ஒப்பந்த ஊழியர் உட்பட எல்லோரையும் காவல்துறை மூலம் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். அந்த ‘அவ்வப்போது’ எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்று விதியில் இல்லை. அதனால் வேலைக்குச் சேர்ந்த அன்று வாங்கிய ஒரு தாளோடு கோப்பு நின்றுபோக இடமிருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் இதற்குக் கால வரம்பு உண்டு. அங்கே தேசிய மாற்றுத்திறனாளர் காப்பீட்டுத் திட்டத்தில் 2021 முதல் நடப்பில் உள்ள ஊழியர் சரிபார்ப்பு அனுமதி 5 ஆண்டு செல்லும். இடையில் ஊழியர்மேல் புது வழக்கு வந்தால் அனுமதியை மறுபடி பரிசீலிக்கிறார்கள். ரத்தானால் வேலை கொடுத்தவருக்குத் தகவல் போகிறது. பதிவு பெற்ற நிறுவனம் இப்படி அனுமதி தேவைப்படும் ஒவ்வொரு ஊழியரின் அனுமதி எண்ணையும், அது காலாவதியாகும் நாளையும் எழுதி 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும். அனுமதி வரும் முன்பே ஒருவர் வேலையைத் தொடங்கியிருந்தால், அந்நாட்களில் அவரை மேற்பார்த்தவர் பெயரும் பதிவேட்டில் இருக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது இந்த ஏற்பாடுதான். வாய் பேசாத பிள்ளைக்கு நேர்ந்தது பல மாதம் கழித்தே வெளியே தெரியலாம். அன்று பக்கத்தில் யார் இருந்தார் என்பதை அந்த ஒரு பெயர் சொல்லிவிடும். அங்கும் ஓட்டை உண்டு: பதிவு பெறாத சேவையாளர்களுக்கு இந்தச் சரிபார்ப்பு பொதுவாகக் கட்டாயமில்லை.

நம் ஓட்டை 18 வயதில் திறக்கிறது. போக்சோவின் காவல் அத்தோடு முடிந்துவிடும். மனவளர்ச்சி குன்றிய பிள்ளைக்கோ 19-லும் அதே ஆயா தேவை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, நிறுவனத்தைப் பதிவு செய்யச் சொல்கிறது. கொடுமை நடந்தால் தண்டிக்கிறது. ஊழியரைச் சரிபார்க்கச் சொல்லும் தனிப்பிரிவு அதில் கிடையாது.

ஆரணியில் சிறப்புப் பள்ளியோ இல்லமோ நடத்துபவர் இதற்காகக் கணினித் தரவுத்தளம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். சரிபார்த்த தேதி, அடுத்த தேதி, மேற்பார்த்தவர் பெயர், வேலையை விட்ட நாள் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி, ஊழியரின் அந்தரங்கமும் அதில் இருப்பதால் அலமாரியில் பூட்டி வைக்கலாம். ஆய்வுக்கு வரும் அதிகாரி, 18 வயது தாண்டிய மாற்றுத்திறனாளிகள் தங்கும் இல்லத்திலும் முதலில் அந்த நோட்டைக் கேட்க வேண்டும்.