காட்ஜில்லாவும் கடலில் விழுந்த சாம்பலும்

1954 நவம்பர் 1ஆம் நாள் திருநள்ளாறு அடங்கிய காரைக்கால் பகுதி பிரெஞ்சு ஆட்சியிலிருந்து இந்திய அரசின் பொறுப்புக்கு வந்தது. நம் பகுதிப் பெரியவர்களுக்கு 1954 என்றாலே இந்த விடுதலைதான் நினைவுக்கு வரும். ஜப்பானிய மீனவர்களுக்கோ அது சாம்பல் பெய்த ஆண்டு. அந்தச் சாம்பலைக் கருவாகக் கொண்ட ஒரு திரைப்படம் அதே வாரத்தில், நவம்பர் 3ஆம் நாள், ஜப்பானெங்கும் வெளியாயிற்று. அதன் பெயர் 'கோஜிரா'. உலகம் அதைக் 'காட்ஜில்லா' என்று அறியும்.

கொரில்லா என்னும் சொல்லையும், திமிங்கிலத்தைக் குறிக்கும் 'குஜிரா' என்னும் ஜப்பானியச் சொல்லையும் இணைத்து உருவானது இப்பெயர். ஹைட்ரஜன் குண்டுச் சோதனையால் கலைக்கப்பட்டு, ஆழ்கடலிலிருந்து எழுந்துவரும் 50 மீட்டர் உயர விலங்கு டோக்கியோவை அழிப்பதே கதை. இது வெறும் கற்பனைதானா? விலங்கு கற்பனை, அதை எழுப்பிய சம்பவம் கற்பனையன்று.

மேற்கே தோன்றிய வெளிச்சம்

1954 மார்ச் 1ஆம் நாள் விடியற்காலை, பசிபிக் கடலின் பிகினி பவளத் தீவில் அமெரிக்கா 'பிராவோ' என்ற ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. 'ஐந்தாம் ஃபுகுரியு மாரு' என்ற ஜப்பானிய மீன்பிடிப் படகு அங்கிருந்து ஏறத்தாழ 150 கி.மீ. கிழக்கே சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்தது. அமெரிக்கா அறிவித்திருந்த அபாய எல்லைக்கு வெளியேதான் அது நின்றது. படகில் 23 பேர் இருந்தனர்.

சூரியன் உதிக்க வேண்டியது கிழக்கே. வானம் சிவந்ததோ மேற்கே. ஒலி காற்றில் வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. அப்படியானால் 150 கி.மீ. கடக்க அதற்கு ஏழு நிமிடத்துக்கு மேலாகும். அவ்வளவு நேரம் கழித்தே வெடிச் சத்தம் படகை எட்டியது. பின் சில மணி நேரத்தில் வானிலிருந்து வெண்ணிறத் தூள் பொழியத் தொடங்கியது. அது மீனவர்களின் தலையிலும் கழுத்திலும் ஒட்டிக்கொண்டது. வெடிப்பில் பொடியாகி மேலே எழுந்த பவளப் பாறையே அந்தத் தூள். பிளவுற்ற அணுக்களின் கதிரியக்கப் பொருள்கள் அதில் படிந்திருந்தன.

கணக்கில் நேர்ந்த பிழை

அபாய எல்லைக்கு வெளியே இருந்தவர்கள் ஏன் பாதிக்கப்பட்டனர்? குண்டின் ஆற்றல் ஏறத்தாழ 6 மெகாடன் இருக்கும் என்று அதை வடிவமைத்தவர்கள் கணித்திருந்தனர். ஆனால் வெளிப்பட்டது 15 மெகாடன். ஹிரோஷிமா குண்டைப் போல் ஆயிரம் மடங்கு!

எரிபொருளாக இருந்தது லித்தியம் டியூட்டரைடு. லித்தியத்தில் 6, 7 என்ற நிறை எண்கள் கொண்ட இரு ஐசோடோப்புகள் உண்டு. லித்தியம்–6 மட்டுமே நியூட்ரானை ஏற்று டிரிட்டியத்தைத் தரும். லித்தியம்–7 வினைக்கு உதவாது என்று கருதினர். ஆனால் மிகு வேக நியூட்ரான்கள் மோதியபோது லித்தியம்–7உம் சிதைந்து டிரிட்டியத்தைத் தந்தது; உடன் ஒரு நியூட்ரானையும் வெளியிட்டது. எரிபொருளில் பாதிக்கு மேல் இருந்தது இந்த லித்தியம்–7தான். அதனைச் சாதுவான பொருள் என்று எண்ணியதன் விலையை அளித்தவர்கள் மீனவர்களும், சாம்பல் விழுந்த ரொங்கலாப் தீவு மக்களும் ஆவர்.

மீன் சந்தையில் கெய்கர் எண்ணி

மார்ச் 14ஆம் நாள் படகு யாய்சு துறைமுகம் வந்தடைந்தது. மீனவர்களின் தோல் கருத்திருந்தது, முடி உதிர்ந்தது. இதற்குள் மீன்கள் சந்தைக்குச் சென்றுவிட்டன. செய்தி பரவியதும் மீன் வாங்குவார் இல்லை. துறைமுகங்களில் கெய்கர் எண்ணியைக் கொண்டு மீன்களைச் சோதித்தனர். மற்றப் படகுகள் கொண்டுவந்த மீன்களிலும் கதிரியக்கம் தென்பட, நூற்றுக்கணக்கான டன் மீன் அழிக்கப்பட்டது.

பரந்த கடலில் கதிரியக்கம் கரைந்து மறைந்துவிடும் என்றே பலர் நம்பியிருந்தனர். மே மாதம் புறப்பட்ட 'ஷுன்கோட்சு மாரு' என்ற ஜப்பானிய ஆய்வுக் கப்பல் இந்த நம்பிக்கையைத் தகர்த்தது. நீரிலும், மிதக்கும் நுண்ணுயிர்களிலும், மீன்களிலும் கதிரியக்கம் இருந்தது. நுண்ணுயிரைச் சிறு மீன் உண்கிறது. சிறு மீனைப் பெரிய மீன் உண்கிறது. பெரிய மீனை மனிதன் உண்கிறான்!

செப்டம்பர் 23ஆம் நாள், படகின் வானொலி இயக்குநர் ஐகிச்சி குபோயாமா மருத்துவமனையில் இறந்தார். அவருக்கு வயது 40. ஆறு வாரத்திற்குள் 'கோஜிரா' திரைக்கு வந்தது.

திரையில் எழுந்த ராட்சதன்

படத்தின் முதற்காட்சியே ஒரு கப்பல், ஒரு பேரொளி, அபாயச் செய்தி அனுப்பும் வானொலி அறை. பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. இயக்குநர் இஷிரோ ஹோண்டா, போர் முடிந்து சீனாவிலிருந்து திரும்பும் வழியில் அழிந்த ஹிரோஷிமாவை நேரில் கண்டவர்.

தந்திரக் காட்சிகளை அமைத்தவர் எய்ஜி சுபுராயா. ஏறத்தாழ 100 கிலோ எடையுள்ள உடைக்குள் ஹருவோ நகாஜிமா என்ற நடிகர் புகுந்து, 25இல் ஒரு பங்காகச் சுருக்கிய மாதிரி நகரத்தை மிதித்தார். இங்கே ஒரு பௌதிகச் சிக்கல் உண்டு. 25 மீட்டர் உயரத்திலிருந்து கல் விழ 2.26 வினாடி ஆகும். 1 மீட்டரிலிருந்து விழ 0.45 வினாடியே போதும். எனவே மாதிரிக் கட்டிடம் இடிவது பொம்மை விழுவது போலத் தோன்றும். காலம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது ஆகையால், ஐந்து மடங்கு வேகமாகப் படம்பிடித்து வழக்கமான வேகத்தில் ஓட்டினால் உண்மைக் கட்டிடம் போலத் தோன்றும். விலங்கின் நடையில் நாம் காணும் கனம் இத்தகைய மெதுவோட்டத்தால் கிடைத்ததே.

1956இல் அமெரிக்காவில் வெளியான பதிப்பில் குண்டுச் சோதனை பற்றிய பேச்சுகளில் பெரும்பகுதி வெட்டப்பட்டது. ராட்சதன் மிஞ்சினான், சாம்பல் மறைந்தது.

எழுந்த குரல்கள்

ஆயினும் மக்கள் மறக்கவில்லை. டோக்கியோவின் சுகினாமி வட்டாரத்தில் இல்லத்தரசிகள் தொடங்கிய கையெழுத்து இயக்கம் 1955 ஆகஸ்டுக்குள் மூன்று கோடிக் கையெழுத்துகளைத் தாண்டியது. குண்டுச் சோதனைகளை நிறுத்தி வைக்கும்படி நேரு 1954 ஏப்ரல் 2ஆம் நாளே மக்களவையில் வேண்டினார். டி. எஸ். கோத்தாரியின் பொறுப்பில் தயாரான அணு வெடிப்புகளின் விளைவு பற்றிய நூலை 1956இல் இந்திய அரசு வெளியிட்டது. 1962 செப்டம்பரில், 83 வயதில், ராஜாஜி வாஷிங்டன் சென்று அதிபர் கென்னடியிடம் இதே கோரிக்கையை முன்வைத்தார்.

1963 ஆகஸ்டு 5ஆம் நாள் அமெரிக்கா, சோவியத் நாடு, பிரிட்டன் மூன்றும் காற்றிலும் நீரிலும் விண்வெளியிலும் அணுச் சோதனை செய்வதில்லை என்று உடன்பட்டன. சில நாட்களில் இந்தியாவும் கையெழுத்திட்டது. காரைக்காலை ஆண்ட பிரான்சு கையெழுத்திடவில்லை. 1974 வரை பசிபிக் தீவுகளின் மீது காற்றில் குண்டுகளை வெடித்தது. ஒப்பந்தம் நிலத்தடிச் சோதனைகளைத் தடுக்கவும் இல்லை.

குபோயாமா பணிபுரிந்த படகு 1976 முதல் டோக்கியோவில் ஒரு காட்சிக் கூடத்தில் வைக்கப்பட்டுள்ளது. அது மரத்தாலான படகு. காட்ஜில்லா ஒரே மிதியில் நொறுக்கக்கூடியது. ஆனால் அதன் தளத்தில் விழுந்த ஒரு பிடி சாம்பல் வல்லரசுகளையே பதில் சொல்ல வைத்தது. காரைக்கால்மேட்டிலிருந்தும் பட்டினச்சேரியிலிருந்தும் கடலுக்குச் செல்பவர்களுக்கு இவ்வரலாறு அந்நியமானதன்று. கடலில் எதைக் கொட்டினாலும், முதலில் அதைத் தொடுவது மீனவன் கை அல்லவா?