கொடைக்கானல் மலையில் ஒரு கடிகாரச் சோதனை

“சார்புக் கொள்கை” என்ற பெயரைக் கேட்ட அளவிலேயே, “அது படித்தவர் சங்கதி, நமக்கேன்?” என்று எழுந்து போகின்றவர் நம்மிடையே பலர். ஆயர் குரோ சுங்கச் சாவடியைக் கடந்து வரும் நம் லாரியோட்டித் தோழர், கைப்பேசி “இடப்பக்கம் திரும்புக” என்று சொன்னவுடன் திரும்புகிறார். அக்குரல் வழி பிசகாமல் பேசுவதற்கு ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் கண்ட கணக்கும் ஒரு காரணம் என்பதை அவர் அறியார். அறியாதது அவர் குற்றமன்று. எடுத்துச் சொல்லாதது படித்தோர் குற்றமாகும்.

நாம் விஞ்ஞானிகள் அல்லோம். எனினும் இக்கொள்கை பிறந்து, ஐயுறப்பட்டு, சோதிக்கப்பட்டு, நிலைபெற்ற வரலாற்றை அறிய விஞ்ஞானியாக இருக்க வேண்டுவதில்லை. அவ்வரலாற்றின் ஒரு பகுதி தமிழ்நாட்டு மலை ஒன்றின் மீது நடந்தது. மற்றொரு பகுதி, அந்நாளில் மலாக்காவை ஆண்ட அதே ஆட்சியின் கீழிருந்த ஒரு தீவில் நடந்தது. ஆதலின் இஃது அயலார் கதையன்று.

1919-ஆம் ஆண்டு நவம்பரில் இக்கொள்கை உலகப் புகழ் பெற்றபோது, “இதனை அறியக்கூடியவர் உலகில் பன்னிருவரே” என்ற பேச்சும் பத்திரிகைகளில் பரவிற்று. கொள்கையைக் கண்டவர் அவ்வாறு கருதவில்லை. உயர்கணிதம் பயிலாத பொதுமக்களுக்கென்றே அவர் எழுதிய சிறு நூல் 1917-லேயே வெளிவந்துவிட்டது. அறிவு சிலருக்கே உரியது, மற்றையோர் கேட்டலும் ஆகாது என்ற பேச்சைத் தமிழராகிய நாம் வேறு இடங்களிலும் கேட்டிருக்கிறோம். அதன் விலையையும் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்திருக்கிறோம். அதே பேச்சு விஞ்ஞானத்தின் பெயரால் வந்தாலும் நாம் அதனை ஒப்புதல் தகாது.

கொள்கை கூறுவது யாது? புலாவ் செபாங் நிலையத்தின் வழியே ஒரு ரயில் ஓடுகிறது என்று கொள்வோம். வண்டிக்குள் முன்னோக்கி நடப்பவனின் வேகம், மேடையில் நிற்பவனுக்கு ரயிலின் வேகமும் நடையின் வேகமும் சேர்ந்ததாகத் தோன்றும். ஒளிக்கு மட்டும் இக்கணக்குச் செல்லாது. ஓடும் வண்டியின் விளக்கொளியும், நிற்கும் கம்பத்தின் விளக்கொளியும், யார் அளந்தாலும் விநாடிக்குச் சுமார் 3,00,000 கிலோமீட்டர் வேகமே உடையன. 1905-இல் ஐன்ஸ்டைன் பிடித்த நூல்முனை இதுவே.

இனி, அவ்வண்டியின் தரைக்கும் கூரைக்கும் இடையே ஓர் ஒளிக்கதிர் ஏறி இறங்குவதாக வைத்துக்கொள்வோம். வண்டியில் இருப்பவனுக்கு அது நேராக ஏறி இறங்குகிறது. மேடையில் நிற்பவனுக்கோ, வண்டி நகர்வதால் கதிர் சாய்ந்து செல்கிறது. சாய்ந்த வழி நேர்வழியினும் நீண்டது. ஒளியின் வேகம் இருவர்க்கும் ஒன்றே. வேகம் மாறாமல் வழி மட்டும் நீளுமாயின், நேரமும் நீளத்தானே வேண்டும்? ஆகவே ஓடும் வண்டியின் கடிகாரம் மேடையிலிருந்து பார்ப்பவனுக்கு மெதுவாகச் செல்கிறது. ரயிலின் வேகத்தில் இவ்வேறுபாடு உணர முடியாத அளவு சிறிது, ஆயினும் இல்லாததன்று. பத்து ஆண்டுகள் கழிந்து, 1915-இல், ஈர்ப்பு விசையும் காலத்தைத் தாமதப்படுத்தும் என்று அவர் நிறுவினார். ஈர்ப்பு மிக்க இடத்தில் கடிகாரம் மெதுவாகவும், குறைந்த இடத்தில் விரைவாகவும் செல்லும்.

ஈண்டு ஒரு மயக்கத்தை நீக்குவோம். 1982-ஆம் ஆண்டு பிறந்த நள்ளிரவில் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரைமணி நேரம் முன்தள்ளப்பட்டன. முதல் நாள் வரை ஆறு மணிக்குப் பெரட்டுக்கு நின்றவர், அதே இருட்டில் ஆறரை என்று சொல்லக் கேட்டார். அது சட்டம் செய்த மாற்றம். மரத்தில் பால் சொட்டும் வேகம் அதனால் மாறவில்லை. ஐன்ஸ்டைன் கூறும் மாற்றமோ யார் கட்டளைக்கும் உட்பட்டதன்று. கடிகாரத்தோடு மரமும், பாலும், பால் வெட்டுகின்றவனின் நாடித்துடிப்பும் சேர்ந்தே மெதுவாகின்றன.

இதனைச் சோதிப்பது எங்ஙனம்? மிகுந்த ஈர்ப்புடைய சூரியன்மேல் ஒரு கடிகாரத்தை வைக்கக் கூடுமாயின், அது நம் கடிகாரத்தைக் காட்டிலும் ஆண்டுக்குச் சுமார் 67 விநாடி பின்தங்கும் என்பது கணக்கு. அங்கே சென்று கடிகாரம் மாட்டுவார் யார்? எவரும் மாட்ட வேண்டியதில்லை. இயற்கையே மாட்டி வைத்திருக்கிறது. ஒவ்வோர் அணுவும் தனக்குரிய துடிப்பில் ஒளியை விழுங்குகிறது. சூரிய ஒளியைப் பட்டகத்தில் பிரித்தால் நிறமாலையில் தோன்றும் கருங்கோடுகள் அத்துடிப்பின் அடையாளங்கள். துடிப்பு மெதுவானால் கோடு சிவப்புப் பக்கம் விலகும். விலக வேண்டிய அளவு பத்து லட்சத்தில் இரண்டு பங்கு.

அவ்வளவு நுண்ணிய அளவை நாடிய இடங்களுள் ஒன்று, 1899-இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் வானாராய்ச்சி நிலையம். 1911 முதல் 1923 வரை அதன் தலைவராயிருந்தவர் ஜான் எவர்ஷெட். இவர் இங்கிலாந்தில் ஒரு தொழில் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே, ஓய்வு வேளைகளில் தாமே கருவி அமைத்துச் சூரியனை ஆராய்ந்தவர். பின்னரே, 1907-இல், கொடைக்கானலுக்கு வந்தார். உழைப்புக்கு இடையே அறிவைத் தேடியவர் என்பது நம் வாசகர் மனத்திற் கொள்ளத்தக்கது.

சூரியக் கோடுகள் சிவப்புப் பக்கம் விலகியிருப்பதை அவர் கண்டார். உடனே “ஐன்ஸ்டைன் வாழ்க” என்று கூறினாரல்லர். சூரியன்மேல் வாயுக்கள் ஏறியும் இறங்கியும் ஓடுகின்றன. அவ்வோட்டமும் கோடுகளை விலகச் செய்யும். சூரியப் புள்ளிகளில் வாயு அவ்வாறு ஓடுவதை 1909-இல் கண்டு சொன்னவரே அவர்தாம். ஆதலால் ஐயுற்றார். சூரியனின் மறுபக்கம் எவ்வாறிருக்கும் என்றறியச் சுக்கிரன்மேல் பட்டுத் திரும்பும் ஒளியையும் பிடித்து ஆராய்ந்தார். அமெரிக்காவின் வில்சன் மலையில் சார்ல்ஸ் செயின்ட் ஜான் என்பவரோ, 1917-இல், ஐன்ஸ்டைன் கூறிய விலகல் காணப்படவில்லை என்றே எழுதினார். ஆண்டுகள் பல உழைத்தபின், 1923 அளவில் இருவருமே அவ்விலகல் உண்டு என்ற முடிவுக்கு வந்து சேர்ந்தனர். தாம் முன்பு கூறியதைத் தாமே மாற்றிக்கொள்ள அவர்கள் நாணவில்லை. இதனினும் உயர்ந்த அறிவொழுக்கம் வேறு உண்டோ?

இதே காலத்தில் மற்றொரு சோதனையும் நடந்தது. சூரியன் அருகே வரும் விண்மீன் ஒளி வளையும் என்பதும் கொள்கையின் முடிபு. அவ்வளைவை முழுச் சூரிய கிரகணத்தின் போதே அந்நாளில் அளக்க முடிந்தது. 1919 மே 29-இல் ஆங்கிலேயர் அளந்த அளவு போதாது என்றோர் பலர். ஆகவே 1922 செப்டம்பர் 21 கிரகணத்திற்குக் குழுக்கள் பல புறப்பட்டன. ஒரு குழு கிறிஸ்துமஸ் தீவுக்குச் சென்றது. மலாக்கா, சிங்கப்பூர், பினாங்கு ஆகியவற்றோடு அத்தீவும் அப்போது நீரிணைக் குடியேற்றங்களைச் சேர்ந்திருந்தது. மாதக் கணக்கில் காத்திருந்தோர் கண்முன் மேகம் வந்து மூடியது, யாவும் வீணாயிற்று. எவர்ஷெட் தம் கருவிகளோடு ஆஸ்திரேலியாவின் வாலல் கடற்கரைக்குச் சென்றார். கருவிக் கோளாற்றால் அவர் முயற்சியும் பயன்படவில்லை. அதே கடற்கரையில் அமெரிக்கக் குழுவினர் எடுத்த படங்களே ஐன்ஸ்டைனின் அளவை உறுதிப்படுத்தின.

ஆறு வாரங்கள் சென்ற அளவில், கொழும்பிலிருந்து புறப்பட்ட கப்பலொன்று நம் நீரிணை வழியே வந்து, நவம்பர் 2-ஆம் நாள் சிங்கப்பூர் சேர்ந்தது. அதில் ஜப்பானுக்குச் சென்றுகொண்டிருந்தவர் ஐன்ஸ்டைனேயாவார். அதே மாதம், அவர் கடலில் இருக்கும்போதே, நோபெல் பரிசுச் செய்தி வெளிவந்தது. அப்பரிசோ சார்புக் கொள்கைக்காக வழங்கப்பட்டதன்று. ஒளி உலோகத்தின்மேல் பட்டு மின்னணுவை வெளிப்படுத்தும் விதிக்காக வழங்கப்பட்டது. உலகம் போற்றிய காலத்திலும் கொள்கை இன்னும் விசாரணையில் இருந்தது என்பதற்கு இதுவும் சான்று.

கிரகணம் என்றால் நம் லயங்களில் என்ன நடந்தது? ராகு விழுங்குகிறான் என்று கதவடைத்தோம், கருவுற்ற பெண்களை இருட்டறையில் வைத்தோம், உலையிலிட்டதைக் கொட்டினோம். அதே நிழலுக்காகக் கடல் கடந்து கூடாரம் அடித்துக் காத்திருந்தவரும் உளர். வானம் இருவர்க்கும் ஒன்றே. கேட்ட கேள்வி வேறு.

இன்னும் சிலர், “இவையெல்லாம் நம் புராணங்களில் உள்ளவையே, பிரமலோகத்தில் ஒரு கணம் இங்கே யுகமல்லவா?” என்பர். கதை கதையாக இனிக்கட்டும். எத்தனை விநாடி, எந்த இடத்தில், எதனால் அளந்தீர் என்ற கேள்விக்கு விடை கூறுவதே விஞ்ஞானம். வேறு சிலர், “எல்லாம் சார்புடையது; உண்மை என்று ஒன்று இல்லை” என்று இக்கொள்கையின் தலையில் பழி சுமத்துவர். அதுவும் பிழை. ஒளியின் வேகம் எல்லார்க்கும் ஒன்று, இயற்கை விதி எல்லார்க்கும் ஒன்று என்பதே இதன் அடித்தளம். எந்த மேடையில் நிற்பவனுக்கும் தனிச் சலுகை கிடையாது.

1960-இல் அமெரிக்காவின் ஹார்வர்டில், சுமார் 22 மீட்டர் உயர வேறுபாட்டிலேயே காலம் மாறுவதை அளந்து காட்டினர். கொடைக்கானல் உயரத்தில் வைத்த கடிகாரம், மலாக்காக் கடற்கரைக் கடிகாரத்தைவிட ஆண்டுக்கு ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் 8 பங்கு முந்தும். இத்துளி நேரத்தால் என்ன வந்துவிடும் என்று கேட்கலாம். வழிகாட்டும் செயற்கைக் கோள்கள் சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றின் கடிகாரம் வேகத்தால் நாளொன்றுக்கு அதே நுண்ணளவில் 7 பங்கு பின்தங்கும்; ஈர்ப்புக் குறைவால் 45 பங்கு முந்தும். எஞ்சுவது 38. அந்நேரத்தில் ஒளி 11 கிலோமீட்டருக்கு மேல் சென்றுவிடும். ஏறக்குறைய ஆயர் குரோவிலிருந்து மலாக்காப் பட்டணத்துக்குள்ள தொலைவு. இதனைக் கணக்கிட்டுத் திருத்தியே அக்கோள்கள் நமக்கு வழி சொல்கின்றன.

தோழர்களே! சமன்பாடுகள் நமக்கு வராமற் போகலாம், அதில் இழிவில்லை. யார் சொன்னார், எதனால் சொன்னார், எவ்வாறு சோதித்தார் என்று கேட்கும் உரிமையை மட்டும் விட்டுவிடலாகாது. கொடைக்கானலில் எவர்ஷெட் கேட்டவையும் இக்கேள்விகளே. இன்றிரவு உங்கள் பிள்ளை கைப்பேசியைக் கையில் எடுக்கும்போது, ரயிலுக்குள் ஏறி இறங்கும் ஒளிக்கதிரின் கதையைச் சொல்லிப் பாருங்கள். அது விளங்கினால், பன்னிருவர் கணக்கு அன்றே பொய்யாகும்.